லயத்துக்குள் ஒரு கேமிங் பிசி: சில புலம்பல்கள்

கேம் விளையாடுகிறவர்கள் புலம்பாமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஃப்ரேம் குத்துது, அப்டேட் முடியவே மாட்டேங்குது, ஒரு லோஞ்சரைத் திறந்தா அதுக்குள்ள இன்னொரு லோஞ்சர் திறக்குது, அவசரத்துல ஷிஃப்டை அஞ்சு தடவை அமத்தினா ‘ஸ்டிக்கி கீஸ் வேணுமா?’ என்று விண்டோஸ் வந்து நிக்குது. கலிபோர்னியாவில் இருக்கிறவனும் இதைத்தான் சொல்கிறான், கோயம்புத்தூரில் இருக்கிறவனும் இதைத்தான் சொல்கிறான். எங்களுக்கும் இதே குறைகள்தான். ஆனால் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதே குறை வேறு அளவில் தெரிகிறது. அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எழுதிவைக்கிறோம்.

நாங்கள் என்றால் ஏழு பேர். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணன், தம்பி, மச்சான், தங்கச்சி கூட்டம். ரெண்டு பேருக்குப் பதுளை டவுனில் வேலை, ஒருத்தர் கொழும்பில், ரெண்டு பேர் தோட்டத்திலேயே, ரெண்டு பேர் படிக்கிறார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு கொம்பியூட்டர். கொழும்பில் ஏதோ ஒரு ஒஃபிஸில் பென்ஷன் வாங்கி மலையேறி வந்த மெஷின் அது. நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம். அதில் ஒரு செக்கண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டைப் பூட்டியிருக்கிறோம். 2014இல் வந்த கார்ட். நாங்கள் எடுத்த மொடலுக்குத் தனியாகப் பவர் வயர் தேவையில்லை, மதர்போர்டில் இருந்தே கரண்டை எடுத்துக்கொள்ளும். ஒஃபிஸ் மெஷினில் இருக்கிற சின்ன பவர் சப்ளைக்கு அதுதான் தாங்கும்.

இது எங்கள் பெருமை. இனிக் குறைகள்.

கரண்ட்

ஜி.டி.ஏ. சான் அண்ட்ரியாஸ் விளையாடியவர்களுக்குத் தெரியும். நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. மிஷனை முடிக்க வேண்டும், வீட்டுக்கு ஓட வேண்டும், அங்கே போய்த்தான் சேவ். ரயிலைத் துரத்துகிற அந்த மிஷனை உலகம் பூராவும் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். (பதுளைக்கு வாற ரயிலா இருந்தா நடந்தே பிடிச்சிருப்போம் என்பது எங்கள் லயத்து ஜோக்.) நாங்கள் அதைப் பல தடவை முயற்சி பண்ணி ஜெயித்து, பைக்கை வீட்டுப் பக்கம் திருப்பும்போது கரண்ட் போனது. மறுபடி முதலில் இருந்து.

எங்கள் பக்கம் கரண்ட் போவதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. ஏப்ரலில் இடி மின்னல். ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று. தேயிலைக்கு அந்தக் காற்றுதான் ஊவா வாசனையைக் கொடுக்கிறது, கம்பி மேல் மரத்தைச் சாய்ப்பதும் அதே காற்றுதான். நவம்பரில் இருந்து அடைமழை. இதெல்லாம் இல்லாத நாளிலும் பொழுது சாய்ந்தால் லயம் முழுக்க ரைஸ் குக்கர், கேத்தல், அயன் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பல்பு மங்கும். பிசி ஒரு தடவை முழித்துப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். “டேய், சோறு வேகட்டும், கொஞ்சம் நிப்பாட்டு” என்று பக்கத்துக் காம்பராவில் இருந்து சித்தி சத்தம் போடுவார். நியாயம்தான்.

2022இல் நிலைமை எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு. அது நாட்டுக்கே வந்த கஷ்டம், கேமைப் பற்றிப் பேச வாய் வராது. ஆனால் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. அமைச்சரே குரங்கைத்தான் காரணமாகச் சொன்னார். அந்த நேரம் எங்கள் தம்பி ஹொலோ நைட்டில் ஒரு பொஸ்ஸைக் கடைசி அடிக்குக் கொண்டுவந்திருந்தான். தோற்பதற்கு எத்தனையோ சாக்குக் கேட்டிருக்கிறோம். 200 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குரங்கு என்பது புதுசு.

யூ.பி.எஸ். இருந்தால் ஷட்டவுன் பண்ணவாவது நாலு நிமிஷம் கிடைக்கும். எங்களிடம் ஒன்று இருக்கிறது. பேட்டரி செத்துப்போனதால் இப்போது அது ரவுட்டர் வைக்கிற மேசை.

90 ஜிபி

2015இல் ஜி.டி.ஏ. 5 பிசிக்கு வந்தபோது கடையில் விற்ற பெட்டிக்குள் 7 டிவிடி இருந்தது. அப்போது அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்கு அந்த 7 டிவிடி இப்போது பொக்கிஷமாகத் தெரிகிறது.

2020 மே 14. ஊரடங்கு, பாடசாலை இல்லை, எல்லோரும் வீட்டில். எபிக் ஸ்டோர் அதே ஜி.டி.ஏ. 5ஐ ஒரு கிழமைக்கு இலவசம் என்று அறிவித்தது. உலகமே ஒரே நேரத்தில் ஓடிவந்ததில் அந்தக் கடையே மணிக்கணக்கில் படுத்துவிட்டது. நாங்களும் ஃபோனில் முயற்சி பண்ணிப் பண்ணி எப்படியோ எங்கள் கணக்கில் அந்தக் கேமைச் சேர்த்துவிட்டோம். இலவசம்! அப்புறம்தான் சைஸைப் பார்த்தோம். 90 ஜிபிக்கு மேல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் ரவுட்டர் ஜன்னல் கம்பியில், டவர் இருக்கிற மலையைப் பார்த்தபடி தொங்குகிறது. நல்ல நாளில் செக்கனுக்கு 4 மெகாபிட் வரும். அந்த வேகத்தில் 90 ஜிபி இறங்க 50 மணித்தியாலம். ராத்திரி 12 மணியில் இருந்து காலை 7 மணி வரை மட்டும் இறக்கினால் ஏழு ராத்திரியைத் தாண்டும். அதுவும் லைன் அறுந்து போகாமல், டேட்டா முடியாமல், கரண்ட் போகாமல் இருந்தால். 52 சதவீதத்தில் நின்றுபோன டவுன்லோடைப் பார்த்து ஒரு அண்ணன் சொன்னார்: “இது அரைப்பேர்டா. நாள் முழுக்க மலையில நின்னாச்சு, கிலோ பத்தலன்னு அரைப்பேர் போட்டுட்டானுக.” தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியில் அந்தக் கேம் எங்களுக்கு பஸ்ஸில்தான் வந்தது. கொழும்பில் இருக்கிறவர் அங்கே டவுன்லோட் பண்ணி, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, டீ ஷேர்ட்டில் சுற்றி, ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். ஃபோல்டரைக் கொப்பி பண்ணி, லோஞ்சரைக் கொஞ்சம் ஏமாற்றி, ‘ஃபைல்களைச் சரிபார்’ என்று அமத்தினால் மிச்சம் கொஞ்சம்தான் நெட்டில் இறங்கும். அதற்குப் பிறகு இதுதான் எங்கள் வழக்கம். பதுளையில் இருந்து ஒரு மணித்தியால பஸ் பயணத்தில் ஒரு டெராபைட் வந்து சேர்ந்தால் அது செக்கனுக்கு 2,200 மெகாபிட் வேகம். எந்தக் கம்பனியும் எங்களுக்கு இந்த ஸ்பீட் கொடுத்ததில்லை. கண்டக்டர் அண்ணனிடம் மிச்சக் காசுகூட சரியாக வந்தது.

ஆனால் பஸ்ஸால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. அப்டேட். கேமைக் கொண்டுவந்து மூன்று நாள் ஆகியிருக்காது, ‘விளையாட வேண்டுமானால் முதலில் 11 ஜிபி’ என்று வந்து நிற்கும். என்ன மாறியது என்று பார்த்தால் ஏதோ ஒரு துப்பாக்கிக்குப் புதுப் பெயின்ட்.

ராத்திரி டேட்டா

இங்கே நிறையப் பேர் எடுக்கிற பெக்கேஜ்களில் பகலுக்குக் கொஞ்சம்தான் டேட்டா. ராத்திரி 12 மணிக்குப் பிறகு தாராளம். விளம்பரத்தைப் பார்த்தால் இது பெரிய சலுகை மாதிரி இருக்கும். யாருக்குச் சலுகை என்று யோசித்தால்தான் சிக்கல். ராத்திரி 12 மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கிரீனைப் போட்டுக்கொண்டு, கீபோர்டைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் தனி அறை வேண்டும்.

லயத்துக் காம்பரா என்றால் 10க்கு 12 அடி என்பது எங்களுக்கு வாய்ப்பாடு. பிசி இருக்கிற காம்பராவில்தான் அம்மாவும் அப்பாவும் படுக்கிறார்கள். அம்மா நாலரை மணிக்கு எழும்பி அடுப்புப் பற்றவைத்து, சமைத்துக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போக வேண்டும். அவர் தூங்குவதே பத்து மணிக்கு மேல். அந்த ஆறு மணித்தியாலத்துக்குள் ரவுட்டர் லைட் மினுக்குவதே பெரிய விஷயம், அதில் மெஷின் ஃபேன் சத்தம் வேறு. சட்டையைப் போட்டு மொனிட்டரை மூடியிருக்கிறோம். கீபோர்டுக்குக் கீழே துவாய் விரித்திருக்கிறோம். அம்மா ஒரு நாளும் திட்டியதில்லை. “முடிஞ்சா படுங்கடா” என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

முறை வைப்பது இன்னொரு தகராறு. ஏழு பேர், ஒரு மெஷின். பொடியன்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் அந்த இடத்தில் தங்கச்சிக்கு முறை வருவதே இல்லை. அவள் சண்டை போடவில்லை, நேரத்தைக் கண்டுபிடித்தாள். பாடசாலை விட்டு வந்து, அம்மாமார் மலையில் இருந்து இறங்குவதற்கு முன்னால் பகல் ரெண்டரையில் இருந்து நாலு மணி வரை. பகல் டேட்டா இல்லாத நேரம். அதனால் நெட் கேட்காத கேம் மட்டும்தான் அவளுக்கு. அப்படி அவள் விளையாடி முடித்ததுதான் ‘வெண்பா’. 2023இல் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன ஒரு சமையல் கொப்பி, இட்லி, பிரியாணி. சின்னக் கேம்தான், எங்கள் கிழட்டு மெஷினிலும் குத்தாமல் ஓடியது. அடுத்த வருஷம் பாஃப்டாவில் சிறந்த முதல் கேமுக்கான விருதும் அதற்குத்தான் கிடைத்தது. துப்பாக்கிக் கேமைத் தவிர வேறெதையும் தொடாத நாங்கள் நாலு பேரும் ஒரு பின்னேரம் அவளுக்குப் பின்னால் நின்று, இட்லித் தட்டை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

மெஷின்

பிசி கேமிங்கின் பெருமையே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான். அதன் சாபமும் அதுதான். பிளேஸ்டேஷன்காரன் டிஸ்க்கைப் போட்டு விளையாடுகிறான். நாங்கள் முதலில் எம்.எஸ்.வி.சி.பி.140 டி.எல்.எல். காணவில்லை என்ற பெட்டியைப் பார்க்கிறோம். அதைத் தேடிப் போட்டால் டிரெக்ட்எக்ஸ் காணவில்லை. அதையும் போட்டால் கேம் திறந்து, கறுப்பு ஸ்கிரீனைக் காட்டி, எதுவும் சொல்லாமல் டெஸ்க்டொப்புக்குத் திரும்பி வரும்.

இதில் எங்களை உண்மையாகவே கோபப்படுத்தியது ஒன்று. விண்டோஸ் போடும்போது யூசர் பெயரை ‘லயம்’ என்று தமிழில் வைத்தோம். அழகாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கேம் சேவ் ஆகவில்லை, இன்னொன்று திறக்கவே இல்லை. நாலு நாள் தேடிய பிறகு விஷயம் விளங்கியது. விண்டோஸ் அந்தப் பெயரிலேயே ஃபோல்டரை உருவாக்கும். ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எழுத்தில் ஃபோல்டர் பெயர் இருந்தால் சில கேம்களுக்கு அந்த வழி தெரியாது. பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது, புதுசாக இன்னொரு யூசர் உருவாக்க வேண்டும். விண்டோஸுக்குத் தமிழ் தெரியும், பிரவுசருக்குத் தெரியும், ஃபோனுக்குத் தெரியும். கோடிக்கணக்கில் டொலர் போட்டுச் செய்த கேமுக்கு மூன்று எழுத்துத் தெரியவில்லை. சீனாக்காரனும் ரஷ்யாக்காரனும் இதே கதையைச் சொல்லி அழுவதைப் பார்த்த பிறகு கொஞ்சம் ஆறுதல்.

இப்போது வந்திருப்பது பெரிய தலைவலி. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே சேர்த்துக்கொள்ளாது. எங்களுடையது நாலாம் தலைமுறை. கள்ள விளையாட்டைத் தடுக்கவென்று பெட்டில்ஃபீல்ட் 6 மாதிரியான புதுக் கேம்கள் செக்யூர் பூட் கேட்கின்றன. விளையாட்டில் ஏமாற்றுகிறவனைத் தடுக்க வேண்டியதுதான், அதில் மறு பேச்சில்லை. ஆனால் தோட்டப்புறங்களில் இருக்கிற கொம்பியூட்டர்களில் நாங்கள் கண்டதெல்லாம் இப்படி ஒஃபிஸில் கழித்துவிட்ட மெஷின்தான். அதில் ஒன்றும் பழுதில்லை. ஸ்பிரெட்ஷீட் திறக்கிறது, வகுப்பு ஓடுகிறது, கேமும் ஓடுகிறது. இருந்தும் காலாவதி.

விலை

ஸ்டீம் இந்தியாக்காரருக்கு இந்திய ரூபாயில் விலை காட்டுகிறது. எங்களுக்கு டொலரில். சில கம்பனிகள் தெற்காசியாவுக்கென்று விலையைக் குறைத்துப் போடும், சில போடாது. போடாத ஒரு பெரிய கேம் 70 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபா என்று பார்த்தால் 21,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஆக ஒரு கேம், 15 பேரும் மேலே ஒரு அரைப்பேரும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு முழு விலையில் கேம் வாங்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

வாங்காமல் விளையாடுகிற வழி ஊருக்கே தெரியும். ஒரு காலத்தில் டவுனில் கேம் சீடி என்றால் கையால் பெயர் எழுதிய வெள்ளைச் சீடிதான். ஒரிஜினல் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கிரிக்கெட் 07, ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி எல்லாம் இந்த மலைகளுக்கு ஏறியது அப்படித்தான். அதைச் சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

பிங்

ஓன்லைனில் சுட்டு விளையாடுகிறவர்களுக்குப் பிங்தான் உயிர். எங்களுக்குக் கிட்டிய சேர்வர்கள் மும்பாயிலும் சிங்கப்பூரிலும். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர். போய் வர 27 மில்லிசெக்கன். இது இயற்கை போட்ட எல்லை, யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஸ்கிரீனில் தெரிகிற 140க்கும் 180க்கும் உள்ள மிச்சம்தான் குறை சொல்ல வேண்டியது. அது கடலில் தொலையவில்லை. கொழும்பில் இருந்து எங்கள் ஜன்னல் கம்பிக்கு வருவதற்குள் தொலைகிறது. நாங்கள் சுட்டதாக நினைத்த நேரத்தில் நாங்கள் செத்து அரை செக்கன் ஆகியிருக்கும்.

வெலோரண்ட்டில் ஒரு நாள் எங்களோடு சென்னைக்காரர் ஒருத்தர் சேர்ந்தார். மைக்கில் தமிழ் கேட்டதும் சந்தோஷம்.

“ப்ரோ, தமிழா? எங்க இருந்து?”

“ஸ்ரீலங்கா ப்ரோ.”

“ஓ! ஜாஃப்னாவா?”

“இல்ல ப்ரோ, பதுளை.”

“அது எங்க, கொழும்பு பக்கமா?”

அடுத்த ரவுண்ட் தொடங்க 30 செக்கன்தான் இருக்கும். அதற்குள் எப்படிச் சொல்வது? ஒங்க ஊர்ப் பக்கத்துல இருந்து வந்தவங்கதான் ப்ரோ நாங்க, கோப்பிக்கும் தேயிலைக்கும் கூட்டிட்டு வந்தாங்க, 2023ல 200 வருஷம் ஆச்சுன்னு நெனவு கூர்ந்தோம் என்று தொடங்கினோம். 200 வருஷத்தைப் பாதி சொல்வதற்குள் எதிராளி ஸ்பைக்கை வைத்துவிட்டான். தோற்றோம். மெட்ச் முடிந்து அவர் கேட்டார்: “ப்ரோ, அந்தக் கதைய முடிக்கவே இல்லயே?” அன்றைக்கு லைனும் நல்லாயிருந்தது. அதற்கப்புறம் ஒரு மணித்தியாலம் யாருமே விளையாடவில்லை. பிங் 160இலும் பேச்சு கேட்கும்.

‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’

மேலே சொன்ன எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது இதுதான். தனியாக விளையாடுகிற கேமுக்கும் நெட் கேட்பது.

போன வருஷ மழைக்கு முன்னால் ஆளுக்கு 600 ரூபா போட்டு, 4,200 ரூபாவுக்கு ஸேலில் ஒரு கேம் வாங்கினோம். கார்ட் கொழும்புக்காரருடையது. ஒரே ஆள், ஒரே கதை, எதிரில் மனிதர் யாருமே இல்லாத கேம். பிறகு மழை பிடித்தது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் விடாமல் மழை பெய்தால் பெரியவர்கள் கேட்பது மலையின் சத்தத்தைத்தான். பாடசாலை இல்லை, மலைக்கு வேலை இல்லை, வெளியே போக வழியில்லை. லைன் மூன்று நாளாகப் படுத்துவிட்டது. ஆனால் கரண்ட் மட்டும் அதிசயமாக இருந்தது. சின்னதுகள் பயந்துபோய்ச் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம் என்று கேமைத் திறந்தால், லோஞ்சர் எங்களை யாரென்று உறுதிப்படுத்தச் சொல்லியது. இணைய இணைப்பைச் சரிபார்க்கவும். மறுபடி முயற்சிக்கவும்.

காசு கொடுத்தது, ஹார்ட் டிஸ்க்கில் 60 ஜிபி இடம் பிடித்திருப்பது, எங்கள் காம்பராவுக்குள் இருப்பது. திறக்க மட்டும் முடியாது. அந்த மூன்று நாளும் ஓடியது 2005ஆம் வருஷத்து நீட் ஃபோர் ஸ்பீட் மோஸ்ட் வோண்டடும், ஒரே கீபோர்டில் ரெண்டு பேர் ஆடுகிற கிரிக்கெட் 07உம்தான். அந்த வெள்ளைச் சீடியின் வசதி என்று சொன்னோமே, அது இதுதான். அது யாரிடமும் அனுமதி கேட்காது. காசு கொடுத்தவனைச் சந்தேகப்பட்டு, கொடுக்காதவனை நிம்மதியாக விளையாட விட்டால் அந்த ஒழுங்கில் ஏதோ கோணல் இருக்கிறது.

இது மலையில் இருக்கிறவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை என்று உலகத்துக்கும் இப்போது விளங்குகிறது. 2014இல் வந்த ‘த க்ரூ’ என்ற கார்ப் பந்தயக் கேமின் சேர்வர்களை யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31இல் மூடியது. தனியாக ஓட்டியவர்களுக்கும் அன்றோடு சரி. அந்தக் கோபத்தில் தொடங்கிய ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேலான கையெழுத்துச் சேர்த்தது. கலிபோர்னியாவில் அதே 2024இல் ஒரு சட்டம் வந்தது. கொடுப்பது வெறும் அனுமதிப் பத்திரம் என்றால், அதை வாங்குகிறவனுக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று விற்கக் கூடாது. அதன் பிறகு ஸ்டீமும் காசு கட்டுகிற இடத்தில் அதை எழுதிவைத்தது.

முடியாத காரியத்தை யாரும் கேட்கவில்லை. 2013இல் சிம்சிட்டி எப்போதும் நெட் வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. சேர்வர் தாங்காமல் காசு கொடுத்தவர்களே உள்ளே போக முடியாமல் நின்றார்கள். அடுத்த வருஷமே அதே கேமுக்கு ஓஃப்லைன் வசதி வந்தது. கோக் மாதிரி ஒரு கடை 2008இல் இருந்து பூட்டு இல்லாமலேயே கேம் விற்றுக்கொண்டிருக்கிறது. இன்ஸ்டோலரை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் பத்து வருஷம் கழித்தும் உங்களுடையது.

எங்கள் ஏழு பேருக்கும் இப்போது தெளிவாக இருப்பது ஒன்றுதான். இந்தப் புலம்பல்கள் எல்லாம் ஓர் ஆளிடம் போய் முடிகின்றன. போகாத கரண்ட், அறாத லைன், தனி அறை, தனி மெஷின், டொலர் கார்ட் எல்லாம் வைத்திருக்கிற ஒருத்தன். அவனை மனதில் வைத்துத்தான் கேம் செய்கிறார்கள். அவன் மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை, நல்லாயிருக்கட்டும். ஆனால் அவன் மட்டும்தான் விளையாடுகிறவன் என்று நினைப்பதை நிறுத்த வேண்டும்.

கேம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இதை வாசிப்பார்கள். பதுளையில் இருக்கிற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலேயே கொம்பியூட்டர் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் கேட்பது நாலே நாலு. எந்த இடத்திலும் சேவ் பண்ண விடுங்கள். தனியாக விளையாடுகிற கேமுக்கு நெட் கேட்காதீர்கள். பெரிய சைஸ் படங்களையும் மற்ற மொழிக் குரல்களையும் தனியாக வையுங்கள், வேண்டியவர் இறக்கிக்கொள்ளட்டும். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தாலும் ஓடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

விளையாடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வாங்கிய அன்றைக்கே ரவுட்டரை ஓஃப் பண்ணுங்கள். பிசியை ரீஸ்டார்ட் பண்ணி, கேமைத் திறந்து பாருங்கள். திறந்தால் மழைக்காலத்துக்கு உதவும். திறக்காவிட்டால் ரவுட்டரை மறுபடி ஓன் பண்ணி, காசைத் திருப்பிக் கேளுங்கள்.